பழைய காரின் புகைக்குழாய்: எப்போது மாற்றுவது? எப்படி மாற்றுவது?

(வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் உரம், மருந்து சொல்லுகிற ஆள் இன்றைக்குக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பல வீட்டு வாசலில் ஒரு பழைய அம்பாசடரோ, மாருதியோ, சாண்ட்ரோவோ நிற்கிறது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போவதும், விதை மூட்டை ஏற்றி வருவதும், ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அந்த வண்டியில்தான். எஞ்சினுக்கு ஆயில் மாற்றுகிறோம், டயருக்குக் காற்று பார்க்கிறோம். வண்டிக்கு அடியில் தொங்குகிற புகைக்குழாயை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சத்தம் ஊரைக் கூட்டும்போதுதான் நினைவு வருகிறது. ஆனால் சத்தம் வருவதற்கு முன்பே அது ஓர் உயிரை எடுத்துவிடக் கூடியது. எனக்கு அது நேரிலே தெரிந்த கதை.

மழை நாளில் ஒரு பயணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து அடைமழை. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் வயல் பார்க்கப் போயிருந்தேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு விவசாயி, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "நீங்களும் வாங்க சார், டவுனிலே விட்டுடறேன்" என்றார். அம்பாசடர் டீசல் வண்டி. முன்னால் அவரும் நானும். பின் சீட்டில் அவருடைய தாயார், மனைவி, ஐந்து வயசுப் பேத்தி. டிக்கியில் இரண்டு மூட்டை இருந்ததால் மூடி சாத்தவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். மழைச் சாரல் அடிக்கிறதென்று கண்ணாடி எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

வண்டி புறப்படும்போதே அடியிலிருந்து 'தடதட' என்று ஒரு முரட்டுச் சத்தம். எனக்குக் கேட்டது. கேட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பாதி வழியில் பாட்டிக்குத் தலைவலி, குமட்டல். "கார் எனக்கு ஒத்துக்காது தம்பி" என்றார். பேத்தி மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். எனக்கும் நெற்றிப் பொட்டில் லேசாக இடி. டீக்கடை ஒன்றில் நிறுத்தி, "பாப்பாவை எழுப்பு, பால் குடிக்கட்டும்" என்றார் பாட்டி. பாப்பா எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியும் கண் செருகிக்கொண்டே இருந்தது. தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். மழைக் காற்று முகத்தில் பட்டுச் சற்று நேரத்துக்குப் பிறகுதான் குழந்தை முனகியது. வேறொரு வண்டி பிடித்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். குழந்தை பிழைத்தது. இன்னும் அரை மணி நேரம் அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாயிருக்கிறது.

மறுநாள் பட்டறையில் வண்டியைக் குழிமேல் ஏற்றிப் பார்த்தோம். சைலன்சரின் முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் துரு தின்று ஓட்டை. அதற்கு நேர் மேலே டிக்கித் தரையும் துருவேறிச் சல்லடை. போதாததற்குத் திறந்த டிக்கி. ஓடுகிற காரின் பின்பக்கத்தில் காற்று சுழன்று உள்ளே இழுக்கும். வெளியே போகவேண்டிய புகை இரண்டு வழியாகவும் உள்ளே வந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

எஞ்சினுக்குள் எரிபொருள் முழுக்க எரிந்துவிடுவதில்லை. அரைகுறையாக எரிந்ததிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் இரத்தத்திலே பிராணவாயுவைச் சுமந்து போகிற ஹீமோகுளோபின் என்ற பொருள், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். நெல் ஏற்றவேண்டிய வண்டியில் யாரோ முன்கூட்டியே கல்லை ஏற்றிவிட்ட மாதிரி. வண்டி ஓடும், ஆனால் வீட்டுக்கு நெல் வந்து சேராது.

2000ஆம் ஆண்டுக்கு முன் வந்த பழைய பெட்ரோல் கார்களின் புகையில் 3 சதவீதம்வரை கார்பன் மோனாக்சைடு இருக்கச் சட்டமே இடம் தருகிறது. சுவாசிக்கிற காற்றில் 1 சதவீதம் இருந்தாலே சில நிமிஷத்தில் ஆள் இறந்துவிடுவான். டீசல் வண்டியில் இந்த வாயு குறைவு. ஆனால் எஞ்சின் பழசாகி, கரும்புகை தள்ளுகிற நிலையில், அடைத்த வண்டிக்குள் அந்தக் குறைவும் போதும். மேலும், டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ல் உறுதியாக அறிவித்திருக்கிறது.

அடையாளங்களை மனசிலே வச்சுக்குங்க. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி, தூக்கம். வண்டியில் ஏறினால் வருகிறது, இறங்கி நடந்தால் குறைகிறது என்றால், அது பித்தம் அல்ல, புகை. குழந்தைகளையும் வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் அது முதலில் தாக்கும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் பல வீட்டுக்கு வந்திருக்கிறது. அதை நம்பிவிடாதீர்கள். இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தம் என்றே காட்டும். உடனே ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், "கார்ப் புகை பட்டிருக்கலாம்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

குழாய் ஏன் உள்ளிருந்து கெடுகிறது?

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியைப் பாருங்கள். முதலில் எஞ்சினோடு ஒட்டிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். அதில் நட்டுப் போட்டு முடுக்கிய முன்குழாய். அடுத்து சத்தத்தை அடக்கும் சைலன்சர் டப்பா. கடைசியாகப் பின் அச்சைத் தாண்டி வெளியே நீளும் வால்குழாய். இணைப்புகளில் கேஸ்கெட்டும் கிளாம்பும். முழுக்குழாயையும் தாங்கித் தொங்கவிட ரப்பர் வளையங்கள். புதிய வண்டிகளில் முன்குழாயை ஒட்டி நச்சு முறிக்கும் கன்வெர்ட்டர் என்ற இன்னொரு டப்பாவும் உண்டு.

துரு மழைத் தண்ணீரால் வெளியிலிருந்துதான் பிடிக்கிறது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. மார்கழிக் காலையில் வால்குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். குழாய் நன்றாகச் சூடேறினால் ஆவி வெளியே போய்விடும். வீட்டிலிருந்து பால் சொசைட்டிக்கு, அங்கிருந்து ரேஷன் கடைக்கு என்று சின்ன ஓட்டமாகவே ஓட்டினால் குழாய் சூடாவதில்லை. தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்து அரிக்கிறது. நெல் மூட்டையை ஈரத்தோடு கட்டி வைத்தால் மேலே பார்க்க நன்றாயிருந்து உள்ளே முளைத்துப் போகிறதல்லவா, அந்தக் கதைதான். அதனால்தான் அதிகம் ஓடாத வண்டியின் சைலன்சர் சீக்கிரம் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் கட்டை நைந்து போனால் எஞ்சின் ஆடும், முன்குழாயும் கூடவே ஆடும், இணைப்பு விரிசல் விடும். அந்தக் கட்டையை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால் ஆறு மாசத்தில் அதே இடத்தில் அதே விரிசல். நோய் ஓரிடம், மருந்து ஓரிடம் என்று ஆகிவிடும்.

நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்க

வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. இணைப்புகளைச் சுற்றிக் கறுப்புக் கரித் தடம் இருக்கிறதா? இருந்தால் அங்கே புகை கசிகிறது.

2. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சைலன்சரையும் குழாயையும் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பதில் சொல்லும். மக்கிய தகடு 'பொத்' என்று ஒலிக்கும், துருப்பொடி உதிரும். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே வித்தைதான்.

3. சைலன்சரைக் கையால் அசைத்துப் பாருங்கள். உள்ளே கடகடவென்றால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது என்று அர்த்தம். அது புகை வழியை அடைத்தால் வண்டி இழுக்காது, டீசலும் கூடக் குடிக்கும்.

4. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உடனே ஒருவர் தடித்த ஈரத்துணியை மடித்து வால்குழாய் வாயில் சில விநாடி மட்டும் அழுத்தட்டும். புகை நேராக முகத்தில் படாமல் பக்கவாட்டில் நிற்கவேண்டும். குழாய் நல்லதானால் துணியைத் தள்ளிக்கொண்டு வரும், எஞ்சின் திணறும். நடுவில் எங்காவது 'உஸ்' என்று கேட்டால் ஓட்டை அங்கேதான். ஓடுகிற வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் போகக்கூடாது.

5. டிக்கியிலுள்ள பாயைத் தூக்கித் தரையைப் பாருங்கள். ஓட்டை இருந்தால், புகைக்குழாய் நன்றாக இருந்தாலும் அதை அடைத்தே தீரவேண்டும்.

ஒட்டுப் போடலாமா?

ஓட்டை என்றதும் நம்மவர்கள் முதலில் போவது வெல்டிங் பட்டறைக்கு. தகடு கெட்டியாக இருந்து, இணைப்பு மட்டும் விட்டிருந்தால் வெல்டிங் நிற்கும். தகடே காகிதமாக மெலிந்திருந்தால், ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஓட்டை விழும். நைந்த வேட்டியில் புதுத்துணி ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்கும், வேட்டி கிழியும். கடையில் விற்கிற பசையும் சுற்றுப்பட்டியும் வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான். வெல்டிங் போடுவதானால் குழாயைக் கழற்றி எடுத்துப் போய்ப் போடுங்கள். வண்டியிலே வைத்துப் பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் நெருப்புப் பொறி பறக்கவிடுவது தன் வீட்டுக் கூரைக்குத் தானே கொள்ளி வைப்பது.

சாமான் வாங்கும்போது

அம்பாசடர் கார் மேற்கு வங்கத்து உத்தர்பாடாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் சாமான் கிடைக்கிறது. சென்னை ஜி.பி. ரோடில் புதுசும், புதுப்பேட்டையில் பழசும் தேடலாம். நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் வந்த சாண்ட்ரோ போன்ற வண்டிகளுக்குச் சிரமமில்லை.

அம்பாசடர் என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பெட்ரோலா டீசலா, பழைய 1489 சி.சி. எஞ்சினா, பிற்பாடு வந்த இசுசு எஞ்சினா, எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிக் கேளுங்கள். எஞ்சினுக்கு எஞ்சின் முன்குழாய் மாறும். முடிந்தால் பழைய குழாயையே கையோடு கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்து நீளம், வளைவு, போல்ட் ஓட்டை மூன்றையும் ஒத்துப் பாருங்கள். புது சைலன்சரைக் கையில் தூக்கிக் கனம் பாருங்கள். தகடு மெலிசாக, வெல்டிங் விட்டுவிட்டு இருந்தால் வேண்டாம்.

சைலன்சர், குழாயோடு கேஸ்கெட், கிளாம்பு, தொங்கும் ரப்பர் எல்லாமே புதுசாக வாங்குங்கள். "பழசே நல்லாத்தானே இருக்கு" என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். மேனிஃபோல்ட் போல்ட்டுக்குப் பித்தளை நட்டு கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். அது துருப்பிடித்து இறுகாது, அடுத்த முறை சுலபமாகக் கழலும்.

கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பெருநகரங்களிலும் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. அதற்குள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. "இது அடைச்சுப் போச்சு, எடுத்துட்டு வெறும் குழாய் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். புகைப் பரிசோதனையில் வண்டி தேறாது. உங்கள் பொருளும் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும்.

மாற்றும் முறை

கை பழகியவர்கள் தாங்களே செய்யலாம். மற்றவர்கள் மெக்கானிக்கிடம் விடலாம். எப்படி நடக்கவேண்டும் என்று தெரிந்திருந்தால், பக்கத்தில் நின்று கேட்க முடியும். அன்று பட்டறையில் அந்த அம்பாசடருக்கு வயசான மேஸ்திரி ஒருவர் செய்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாள் மாலை: வண்டி நன்றாக ஆறட்டும். ஓடி வந்த உடனே குழாயைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். துருவேறிய நட்டுகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அது இல்லாவிட்டால் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து விடலாம்.

மறுநாள், வண்டியைத் தூக்குதல்: கெட்டியான சமதரை வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. இரும்புத் தாங்கி இரண்டு பக்கமும் கொடுத்த பிறகே நுழையவேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும். ஏரிக்கரை மண், வயல் வரப்பு ஓரம், இந்த இடங்களில் இந்த வேலை ஆகாது. குழி உள்ள பட்டறை எல்லாவற்றிலும் மேல்.

கண்ணுக்குக் கண்ணாடி: அண்ணாந்து வேலை செய்யும்போது துருத்தூள் கண்ணில்தான் விழும். பத்து ரூபாய் சோம்பலுக்காகக் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

கழற்றுதல்: நட்டைக் கழற்றும் முன் ஒரு நூல் அளவு முடுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். துருப்பிடி விடும். வரவில்லையென்றால் மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். மேனிஃபோல்ட் போல்ட்டில் முரட்டுத்தனம் காட்டி அது உள்ளேயே முறிந்தால், துளை போட்டு எடுக்கவேண்டும். ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் ஆகும். "அவசரப்பட்டவன் போல்ட்டை ஒடைப்பான், பொறுத்தவன் நட்டைக் கழட்டுவான்" என்று மேஸ்திரி சொன்னது நினைவில் நிற்கிறது. பின்பக்கக் குழாய்கள் எப்படியும் வீசப்போகிறவை. அவற்றை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடலாம். பக்கத்தில் ஓடும் பிரேக் குழாயிலும் பெட்ரோல் குழாயிலும் பிளேடு படாமல் பாருங்கள்.

சுத்தம்: மேனிஃபோல்ட் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைத் துளிகூட மிச்சமில்லாமல் சுரண்டி எடுங்கள். எஞ்சின் தாங்கும் ரப்பர் கட்டையை இப்போதே பார்த்து, நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பூட்டுதல்: முன்னாலிருந்து பின்னால் வரவேண்டும். புதுக் கேஸ்கெட் வைத்து முன்குழாய், பிறகு சைலன்சர், பிறகு வால்குழாய். எதையும் உடனே முடுக்காதீர்கள். எல்லா நட்டும் கையால் திருகிய அளவிலே நிற்கட்டும். ஒரு குழாய் இன்னொன்றுக்குள் ஒன்றரை அங்குலமாவது நுழையவேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டிலே உடலையும் கரையையும் தனித்தனியாகப் பாவு போட்டுக் கோர்வை போட்டு இணைக்கிறார்கள். புடவை கிழிந்தாலும் கிழியும், கோர்வை விடாது என்பது நெசவாளர் பெருமை. நம் குழாய்க்கும் உயிர்நிலை அந்த இணைப்புதான்.

ஒழுங்கு பார்த்தல்: குழாய் எங்கும் வண்டியின் உடம்பில் இடிக்கக்கூடாது. பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், சுற்றுகிற ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பின் அச்சு பள்ளத்தில் மேலே எழும்பும், அதற்கும் இடம் விடுங்கள். ரப்பர் வளையங்கள் ஒரு பக்கமாக இழுபடாமல் நேராகத் தொங்கவேண்டும். வால்குழாய் வாய் வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கவேண்டும். அழகுக்காக அதைக் குட்டையாக வெட்டினால் புகை டிக்கிக்கு அடியிலேயே தங்கும்.

முடுக்குதல்: எல்லாம் சரியென்று கண்ட பிறகு, முன்னாலிருந்து ஒவ்வொன்றாக முடுக்கி வாருங்கள். மேனிஃபோல்ட் நட்டுகளை ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக முடுக்கவேண்டும். அப்போதுதான் கேஸ்கெட் சமமாக உட்காரும்.

சோதனை: வண்டியை இறக்கி, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். முன் சொன்ன ஈரத்துணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புதுக்குழாயிலுள்ள எண்ணெய் எரிந்து பத்துப் பதினைந்து நிமிஷம் லேசாகப் புகையும், பயப்படவேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி ஆறியதும் எல்லா நட்டையும் இன்னொரு முறை முடுக்குங்கள். சூட்டில் விரிந்து சுருங்கித் தளர்ந்திருக்கும்.

மேஸ்திரி புகைக்குழாய் வேலை முடிந்ததும் வண்டியை விட்டுவிடவில்லை. டிக்கித் தரையிலே தகடு வைத்து, ஓரம் பூசி அடைத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். அதற்காக அவர் தனியாக எதுவும் கேட்கவில்லை. "குழந்தை ஏறற வண்டி சார்" என்றார்.

ரோட்டில் காயப்போட்ட வைக்கோல்

அறுவடைக் காலத்தில் கேழ்வரகுத் தட்டையையும் கொள்ளுச் செடியையும் வைக்கோலையும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டி ஏறட்டும் என்று விடுகிறோம். ஓடி வந்த காரின் புகைக்குழாய் முன்பகுதி சில நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. தாள் அதில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். ஓட்டை விழுந்த குழாயானால் சூடான புகையே நேராக வைக்கோல்மேல் பீச்சும். வண்டி எரிவதோடு போகாது, களமும் எரியும். ஆகவே களத்தில் பரப்புங்கள், சாலையில் வேண்டாம். வண்டி ஓட்டுகிறவர்கள் அப்படிக் கடக்க நேர்ந்தால், இறங்கி அடியில் பார்த்துச் சுற்றிய தாளை எடுத்துவிட்டுப் போங்கள். வைக்கோல் போர் பக்கத்தில் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள்.

கிணற்று எஞ்சினுக்கும் இதுதான்

இந்தப் பேச்சில் மிக முக்கியமானது இது. கார் இல்லாதவர்களும் கேளுங்கள். நம் பக்கத்துப் பழைய கிணறுகளில் தண்ணீர் கீழே போனால், ஆயில் எஞ்சினையும் கீழே படியில் இறக்கி வைத்து ஓட்டுகிற வழக்கம் உண்டு. கிணறு தூர்வாரும்போதும் உள்ளே எஞ்சின் வைத்து இறைப்பார்கள். கிணற்றுக்குள் காற்று ஓட்டம் கிடையாது. புகை அங்கேயே தேங்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவர் அடுத்து விழுவார். ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாவு இப்படித்தான் நேர்கிறது. எஞ்சினை மேலே வையுங்கள், அல்லது மின்மோட்டார் வையுங்கள். எஞ்சின் கொட்டகையிலும் புகைக்குழாயைச் சுவருக்கு வெளியே நீட்டி, இணைப்பு கசியாமல் பாருங்கள். கிணற்றுக்குள் யாராவது மயங்கினால், கயிறு கட்டாமல், மேலே ஆள் நிறுத்தாமல் இறங்கவே கூடாது. எஞ்சினை நிறுத்த வழி பாருங்கள். தீயணைப்புப் படையை அழையுங்கள்.

பராமரிப்பும் சட்டமும்

வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை இருபது முப்பது நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓட்டுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் உலரும். சில சைலன்சரின் அடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். தண்ணீர் வடியத் தொழிற்சாலையில் வைத்த வழி அது. ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். 2015 பெருவெள்ளத்தில் நம் மாவட்டத்தில் எத்தனையோ வண்டி முழுகியது. அப்படி முழுகிய வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாமல், முதலில் எஞ்சினிலும் குழாயிலும் புகுந்த தண்ணீரை வடியவிட்டுச் சோதிக்கவேண்டும்.

எல்லா மோட்டார் வண்டிக்கும் சைலன்சர் இருக்கவேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். பழைய வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாங்கவேண்டும். குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து, கருவி காட்டுகிற கணக்கே தப்பாகும். எனவே குழாயைச் சரி செய்துவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

கோயில் உற்சவத்துக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று சின்னக் காஞ்சிபுரத்தில் வண்டி நகர இடமிருக்காது. வண்டியை ஓடவிட்டுக்கொண்டு, கண்ணாடி ஏற்றி, குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு நீங்கள் தரிசனத்துக்குப் போகாதீர்கள். வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கட்டும். டிக்கியைத் திறந்தபடி ஓட்டாதீர்கள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம், "சார், வண்டிச் சத்தம் சரியா இருக்கா?" என்று அவள் தாத்தா கேட்பார். நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். நீங்களும் நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள்.